போட்டிக்கு எழுதுவோரின் கனிவான கவனத்திற்கு...

நம் மாணவர் பேரவையின் இலக்கிய மன்றம் இந்த ஆண்டு நடத்திய சிறுகதைப் போட்டிக்கு வந்து சேர்ந்த கதைகள் 41. நடுவர்கள் கைக்குப் போனவை 26. மீதி 15 கதைகள் என்ன ஆயின என்று கேன்டீனில் பலபேர் பலவிதமாகப் பேசிக் கொள்கிறார்கள். 'மெக்கானிக்கல்காரங்க அவங்களுக்குள்ளயே பிரிச்சுக்கிட்டாங்க' என்பதில் தொடங்கி, 'எல்லாத்தையும் எடைக்குப் போட்டு டீ குடிச்சிட்டாங்க' என்பது வரை என் காதிலேயே விழுந்தது. நண்பர்களே, எடைக்குப் போடவில்லை! அந்த 15 கதைகளும் விடுதியில் என் கட்டிலுக்கடியில், டிரங்குப் பெட்டிக்கும் மினி டிராஃப்டருக்கும் நடுவே பத்திரமாக இருக்கின்றன. அவற்றை நீக்கியவனும் அடியேன்தான். (அடிக்க வருகிறவர்கள் கட்டுரையை முழுசாகப் படித்துவிட்டு வரவும்.)

நான் செய்தது நடுவர் வேலை அல்ல. கதை நல்லதா, சுமாரா என்று பார்க்கும் உரிமை எனக்குக் கிடையாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டிய நிபந்தனைகளுக்குள் கதை நிற்கிறதா என்று மட்டும் பார்த்து, நிற்பவற்றுக்கு எண் போட்டு நடுவர்களிடம் கொடுக்க வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் துளையின் அளவு பார்க்க பிளக் கேஜ் வைத்திருக்கிறோமே, அந்த வேலை. 'கோ' முனை உள்ளே போக வேண்டும், 'நோ-கோ' முனை போகக் கூடாது. துளை போட்டவன் நம்ம பையனா, ராத்திரி கண் விழித்துப் போட்டானா என்பதெல்லாம் கேஜுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதுதான் கஷ்டமாகப் போய்விட்டது.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் பெயர் எழுதியிருந்தவை 5. சொல் வரம்பைத் தாண்டியவை 4. நாள் கடந்து வந்தவை 2. ஒன்று, வார இதழ் ஒன்றில் நான் முன்பே படித்த கதை. ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார் நம் எழுத்தாளர். ஒன்று, போன வருட மலரிலேயே அச்சானது. ஒன்று கதையே இல்லை, 'கல்லூரிக் காலமே' என்ற கவிதை. கடைசியாக ஒன்று... அதை அப்புறம் சொல்கிறேன்.

இத்தனை கறாராகப் பேசுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. முதல் வருஷம் சேர்ந்த புதிதில் ஒரு பத்திரிகை கல்லூரி மாணவர்களுக்கென்று சிறுகதைப் போட்டி அறிவித்தது. பரிசுத் தொகையை மூன்று தடவை படித்தேன். நிபந்தனைகளை ஒரு தடவை கூடப் படிக்கவில்லை. எங்கள் தாத்தாவின் பம்புசெட்டை வைத்து, பதினொரு ராத்திரி வராண்டா விளக்கில் உட்கார்ந்து ஒரு கதை எழுதினேன். அழகான கையெழுத்தில், தாளின் இரண்டு பக்கமும் எழுதி, தலைப்பை ஸ்கெட்ச் பேனாவால் அலங்கரித்து, கீழே பெயர், துறை, கல்லூரி எல்லாம் போட்டு அனுப்பி வைத்தேன். முடிவு வந்த இதழில் என் பெயர் இல்லை. ஆறுதல் பரிசிலும் இல்லை. மனசு கேட்காமல் போன் போட்டேன். எடுத்தவர் நல்ல மனிதர். தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, காலேஜ் சான்று வைக்கச் சொல்லியிருந்தோமே, நீங்க வைக்கலை. உங்க கவர் அப்படியே ஓரமா இருக்கு. கதையை யாரும் படிக்கலை."

படிக்கலை! கதை நன்றாக இல்லை என்று தோற்றிருந்தால் ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, அடுத்ததை வேறு மாதிரி எழுதியிருப்பேன். படிக்கப்படாத கதையை வைத்துக்கொண்டு ஒன்றுமே செய்ய முடியாது. அது நல்ல கதையா, குப்பையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தாத்தாவும் இப்போது இல்லை.

'போட்டிக்குத்தான் எழுதணுமா, சும்மா எழுதக் கூடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. எழுதலாம். ஆனால் பெயர் தெரியாத ஒருவன் எழுதியதை, தெரியாத ஒருவர் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தே ஆக வேண்டும் என்கிற கட்டாயம் போட்டியில்தான் இருக்கிறது. ரஜினி ரசிகர்களுக்கு ஒரு தகவல்: 'முள்ளும் மலரும்' படத்தில் விஞ்ச் ஆபரேட்டர் காளியைப் பார்த்துக் கைதட்டினோமே, அந்தப் படத்துக்கு மூலம் உமாசந்திரன் எழுதிய நாவல். கல்கி இதழின் வெள்ளி விழா நாவல் போட்டியில் முதல் பரிசு பெற்றது. 1966-ல் வந்த நாவல், 1978-ல் மகேந்திரன் இயக்கத்தில் படமானது. மின்சாரத் திட்டம், விஞ்ச், இஞ்சினியர் என்று நம்ம ஆட்கள் புழங்குகிற இடம் ஒன்று, ஒரு போட்டிக் கவருக்குள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது.

சரி, நிபந்தனைகளுக்கு வருவோம்.

பெயர் எழுதக் கூடாது என்பது ஏன்?

அதிகம் பேர் கோபப்பட்டது இதில்தான். "பேர் எழுதினா கதை கெட்டுப் போயிடுமா?" என்று சிவில் நண்பர் ஒருவர் சட்டையைப் பிடிக்காத குறை. போர்டு எக்ஸாமில் விடைத்தாளுக்குள் பெயரோ, அடையாளக் குறியோ எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பிள்ளையார் சுழி போடவே யோசிப்போம். அங்கே கேட்காத கேள்வியை இங்கே கேட்கிறார்.

நம் போட்டிக்கு நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். இன்னொருவர் நம் கணக்கு சார். சாருக்கு நம்மில் பாதிப் பேரின் வண்டவாளம் தெரியும். எம்-3-ல் மூன்று அரியர் வைத்திருப்பவனின் காதல் கதையைப் பெயரோடு படித்தால் அவருக்கு என்ன தோன்றும்? 'இதுக்கு உட்கார்ந்த நேரத்துல இன்டெக்ரேஷன் போட்டிருக்கலாம்' என்றுதான் தோன்றும். அது அவர் தப்பு இல்லை. அரியர் வைத்த அந்த நண்பனைக் காப்பாற்றுவதற்குத்தான் பெயர் வேண்டாம் என்கிறோம். அவனோ முதல் வேலையாகப் பெயரை எழுதிவிடுகிறான்!

தமிழில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பரிசுப் போட்டிக் கதை தருமியுடையது. 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் நாகேஷ் நடித்துக் காட்டியதால் பாமரருக்கும் தெரியும். பாண்டியனுக்கு ஒரு சந்தேகம்: பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று. தீர்த்து வைக்கும் பாட்டுக்கு ஆயிரம் பொன். இறைவன் எழுதித் தந்த பாட்டைத் தருமி தன் பாட்டாகக் கொண்டுபோய் நீட்டுகிறான். இன்றைய நிபந்தனைப்படி அந்த இடத்திலேயே அவன் அவுட். 'சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும்' என்பது முதல் விதி அல்லவா? ஆனால் நக்கீரர் அதைக் கிளறவில்லை. பாட்டில் பொருட்குற்றம் என்றார். எழுதியவர் யார் என்று தெரிந்து, அவரே நேரில் வந்து நெற்றிக் கண்ணைத் திறந்த பிறகும் அவர் மார்க்கை மாற்றவில்லை. (அந்தப் பாட்டு இறையனார் பெயரில் குறுந்தொகையில் இரண்டாவது பாட்டாக இருக்கிறது. படித்துப் பாருங்கள், நக்கீரர் கொஞ்சம் ஓவராகத்தான் போய்விட்டார் என்பது என் கட்சி.)

எல்லா ஊரிலும் நக்கீரர் கிடைப்பாரா? கிடைக்க மாட்டார். அதனால்தான் பெயரைத் தனித் தாளில் எழுதி, தனி உறையில் வைத்து ஒட்டச் சொல்கிறார்கள். மறைமுகமாகப் பெயர் சொல்வதும் கூடாது. கதையின் நாயகனுக்குத் தன் பெயரையே வைத்து, தன் ஊரையே எழுதி, தன் ரூம் நம்பரையும் போட்ட ஒரு கதை வந்தது. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. அதை விட்டுவிட்டேன். அது 26-ல் ஒன்று.

சொல் வரம்பு

நாம் கேட்டது 1,200 சொற்களுக்கு மிகாமல். வந்ததில் ஒன்று 3,000-ஐத் தாண்டியது. அதைப் படிக்கவே ஒரு டீ, ஒரு வடை செலவு. 'கதை தானாக வளர்ந்துவிட்டது' என்றார் எழுதியவர். 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு 0.02 டாலரன்ஸ் கொடுத்தால் 25.05-க்குக் கடைந்து வைத்துவிட்டு 'தானாக வளர்ந்துவிட்டது' என்று ஒர்க்‌ஷாப் சாரிடம் சொல்ல முடியுமா? எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பேரிங்குக்குள் போகாது.

எல்லோருக்கும் ஒரே நீளத்துத் துணி கொடுத்துச் சட்டை தைக்கச் சொல்கிறோம். ஒருவர் மட்டும் ஒரு மீட்டர் கூட எடுத்துக்கொண்டு, 'பாருங்க, என் சட்டைக்கு ரெண்டு பாக்கெட்' என்றால் அது நியாயம் இல்லையே. நம் மொழிக்கு இது புதுசும் இல்லை. வள்ளுவர் 1,330 முறை ஏழு சீருக்குள்தான் நின்றார். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீர்தான், நாலாவது சீருக்கு எவ்வளவு நல்ல சொல் கிடைத்தாலும் இடம் கிடையாது.

எண்ணுவது எப்படி என்று சிலர் கேட்டார்கள். கையால் எழுதினால் பத்து வரிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை சொல் என்று எண்ணி, சராசரி எடுத்து, மொத்த வரிகளால் பெருக்கினால் போதும். கம்ப்யூட்டரில் அடித்தால் அதுவே எண்ணிச் சொல்லும். ஆனால் அது இடைவெளியை வைத்து எண்ணுகிறது. 'வந்து கொண்டு இருந்தான்' என்று பிரித்து அடித்தால் மூன்று சொல், 'வந்துகொண்டிருந்தான்' என்று சேர்த்தால் ஒன்று. வரம்பை ஒட்டி எழுதுகிறவர்கள் எப்படி எண்ணினாலும் உள்ளே நிற்கிற மாதிரி ஐம்பது சொல் குறைத்தே முடித்துக்கொள்வது நல்லது. கீழ் வரம்பையும் பார்க்க வேண்டும். காமன்வெல்த் சிறுகதைப் பரிசு என்று ஒன்று இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆங்கிலத்தோடு இன்னும் சில மொழிகளிலும் கதை வாங்குகிறார்கள், அதில் தமிழும் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அண்மை ஆண்டுகளின் விதிப்படி கதை 2,000 சொல்லுக்குக் குறையவும் கூடாது, 5,000-க்கு மேல் போகவும் கூடாது. 1,200 சொல்லில் நீங்கள் அற்புதமே எழுதினாலும் அங்கே செல்லாது.

எழுத்துரு விஷயமும் இதோடு சேர்ந்தது. 'யூனிகோடில் அனுப்பவும்' என்றால் யூனிகோடில்தான் அனுப்ப வேண்டும். டிடிபி சென்டரில் பாமினியில் அடித்து அப்படியே மெயிலில் அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் திறக்கும். நம் கதையின் உருக்கமான கட்டம் முழுக்க அரைப்புள்ளியாகக் கிடக்கும்.

கடைசி நாள்

இதை எழுதத்தான் பேனாவையே எடுத்தேன்.

நம் போட்டிக்குக் கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை 4.30. பேரவை அறை வாசலில் பெட்டி. சாவி என்னிடம். 4.20-க்கு முதல் வருஷத் தங்கை ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் ஆறு தாள். கடைசித் தாள் பாதி பென்சிலில் இருந்தது. "அண்ணா, கடைசிப் பக்கம் மட்டும் திருப்பி எழுதணும்ணா. நாளைக்குக் காலையில கொடுக்கட்டுமா?" என்றாள். "இல்லம்மா, நாலரைக்குப் பெட்டியை எடுத்துடுவேன்" என்றேன். பத்து நிமிஷம் வாசல் படியிலேயே உட்கார்ந்து, பென்சிலில் எழுதியதன் மேல் பேனாவை ஓட்டி, முடிவைச் சுருக்கி, பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள். போகும்போது திரும்பிப் பார்த்த பார்வையில் 'நல்லா இருங்க' என்று இருந்தது.

மறுநாள் காலை 8.10. என் அறை நண்பன் கதையைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். (பெயர் வேண்டாம். 'மலர்ல என் பேரைப் போட்டே, தொலைச்சுடுவேன்' என்று ஏற்கெனவே எச்சரிக்கை வந்தாகிவிட்டது.) அவன் அம்மா தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போனவர்கள். அதை வைத்து எழுதிய கதை. மூன்று மாதமாக எழுதுகிறான். ஒவ்வொரு பகுதியையும் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து முடிவை மாற்றினான். மாற்றிய முடிவைப் படித்தேன். அம்மாவின் விரல் நுனி பற்றி ஒரு நாலு வரி இருந்தது... எனக்குப் பேச்சு வரவில்லை.

"பெட்டியை இன்னும் திறக்கவே இல்லையேடா. உள்ளே போட்டா யாருக்குத் தெரியும்?" என்றான். உண்மைதான். யாருக்கும் தெரியாது. சாவி என் பாக்கெட்டில் இருக்கிறது. நான் பெட்டியைப் பார்க்கவில்லை, அந்தப் படியைத்தான் பார்த்தேன்.

"முடியாதுடா" என்றேன்.

அவன் லேசுப்பட்டவன் இல்லை, வாதத்துக்கு வந்துவிட்டான். "லண்டன்ல புக்கர் பரிசு தெரியுமா உனக்கு? ஒருத்தருக்குத்தான் கொடுக்கணும்னு விதி. 2019-ல நடுவர்களே விதியை மீறி மார்கரெட் அட்வுட், பெர்னார்டின் எவரிஸ்டோ ரெண்டு பேருக்கும் கொடுத்தாங்க. வானமா இடிஞ்சு விழுந்துச்சு? நீ ஒரு ராத்திரிக்கு விட மாட்டேங்கறே." அவன் சொன்னது சரிதான். 1992-ல் பரிசை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்ததால் ஏற்பட்ட பேச்சுக்குப் பிறகு வந்த விதி அது. 2019 நடுவர்கள் தெரிந்தே மீறினார்கள். எனக்கு உடனே பதில் வரவில்லை, அன்று ராத்திரிதான் வந்தது. அங்கே விதியை மீறியவர்கள் நடுவர்கள், எழுத்தாளர்கள் இரண்டு பேரும் விதிப்படிதான் வந்தார்கள். மீறியதன் பலன் என்ன? புக்கர் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் எவரிஸ்டோ. அவருக்கு 50,000 பவுண்டில் பாதிதான் கிடைத்தது, மேடையிலும் பாதி இடம்தான். இப்படிச் செய்தது சரியா என்று அப்போதே பலர் கேட்டார்கள். தாராளமாக மீறுகிறோம் என்று நினைக்கும்போது யாரோ ஒருவருடைய பங்கிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. என் விஷயத்தில் அந்த யாரோ, பென்சில் மேல் பேனா ஓட்டிய பெண்.

இதையெல்லாம் அவனிடம் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவன் 12 நாள் என்னோடு பேசவில்லை. ஒரே அறை, ஒரே பக்கெட், ஒரே கண்ணாடி. ஷேவிங் பிளேடைக் கூட ஜன்னல் மேல் வைத்துவிட்டுப் போவான், கையில் தர மாட்டான். அவன் கதை பெட்டிக்குள் போயிருந்தால் முதல் மூன்றில் ஒன்று நிச்சயம். அந்தத் தங்கையின் கதைக்குப் பரிசு கிடைக்கவும் இல்லை. இதை எழுதும்போதும் உறுத்தத்தான் செய்கிறது.

சிவில்காரர்கள் எஸ்டிமேட் பேப்பரில் டெண்டர் பற்றிப் படிப்பார்கள். டெண்டர்களுக்கென்று தமிழ்நாட்டில் 1998-ல் தனிச் சட்டமே வந்தது. குறித்த நேரம் தாண்டி வந்த டெண்டரைப் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதில் இருப்பதுதான் எல்லாவற்றையும் விடக் குறைந்த விலையாக இருந்தாலும் சரி. முன்வைப்புத் தொகை இணைக்காதது தள்ளுபடி. 'பாவம், நல்ல காண்ட்ராக்டர்' என்று ஒரு தடவை பிரித்தால், அடுத்த தடவை மற்றவர்கள் விலையைத் தெரிந்துகொண்டு நிதானமாக வருவான் இன்னொருவன்.

வெளிப் போட்டிக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 'கடைசி நாள்' என்றால் அன்றைக்குத் தபாலில் சேர்க்க வேண்டுமா, அன்றைக்குள் அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டுமா? இரண்டும் வேறு. 'வந்து சேர வேண்டிய கடைசி நாள்' என்று இருந்தால் நாலு நாள் முன்பே விரைவஞ்சலில் போட்டு ரசீதை வைத்துக்கொள்ள வேண்டும். வயது வரம்பு இருந்தால் அது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவை

'சொந்தப் படைப்பு, வேறெங்கும் வெளிவராதது' என்ற உறுதிமொழியைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். கல்லூரி மலரில் வந்ததும் வெளிவந்ததுதான். முகநூலில் போட்டதையும் பல போட்டிகள் வெளிவந்ததாகவே கொள்கின்றன. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு போட்டிக்கு அனுப்பி இரண்டிலும் பரிசு வந்தால் சந்தோஷப்பட முடியாது, இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்குவது பற்றியும் கேட்கிறார்கள். ஜப்பானின் அகுதாகவா பரிசை 2024 ஜனவரியில் வாங்கிய ரியே குதான் என்ற எழுத்தாளர், தன் நாவலில் ஏறக்குறைய 5 சதவீதம் அப்படிக் கிடைத்த வாசகம் என்று தானே சொன்னார். பரிசு பறிக்கப்படவில்லை. அதை வைத்து 'நாமும் செய்யலாம்' என்று கிளம்ப வேண்டாம். அந்தந்தப் போட்டியின் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். 'கூடாது' என்று எழுதியிருந்தால் கூடாதுதான். தருமி கதை வேறு நினைவுக்கு வருகிறது, விட்டுவிடுகிறேன்.

தலைப்பு கொடுத்து எழுதச் சொன்னால் அதற்குள் எழுத வேண்டும். ஆஸ்திரேலியாவில் மைல்ஸ் ஃபிராங்க்ளின் பரிசுக்கு அந்நாட்டு வாழ்க்கையைக் காட்டும் நாவலாக இருக்க வேண்டும் என்பது விதி. 1994-ல் ஃபிராங்க் மூர்ஹவுஸ் என்ற பெரிய எழுத்தாளரின் நாவலையே, கதை ஜெனீவாவில் நடக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். பெரிய சண்டை. அதன் தொடர்ச்சியாக அவர் எழுதிய நாவல் 2001-ல் அதே பரிசை வாங்கியது!

இதுவரை நாம் விதியை மதிப்பது பற்றிச் சொன்னேன். விதியும் நம்மை மதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'அனுப்பப்படும் படைப்புகளின் முழு உரிமையும் அமைப்பாளருக்கே' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ம் வருஷத்தது. அதன்படி எழுதியவனுக்கு வாழ்நாள் முழுக்கவும், அவன் காலத்துக்குப் பின் வாரிசுகளுக்கு 60 ஆண்டும் உரிமை உண்டு. அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க எழுத்து மூலம், கையெழுத்தோடு ஒப்பந்தம் வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் சொல்லாவிட்டால் ஐந்தாண்டு என்றுதான் பொருள். உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும் 'எழுதியவன் நான்' என்று சொல்லும் உரிமை நம்மிடமே இருக்கும். 'பரிசு பெற்ற கதையை ஒருமுறை வெளியிடுவோம்' என்கிற போட்டிக்குத் தாராளமாக அனுப்பலாம். பரிசே பெறாத கதையையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொள்கிற போட்டி என்றால் நான் யோசிப்பேன். அனுப்பிய அத்தனை பேரையும் 'தேர்வு' செய்து, கட்டணம் வாங்கி, அச்சடித்த தொகுப்பையும் நம்மிடமே விலைக்குத் தள்ளுகிற போட்டிகளும் நடக்கின்றன. அங்கே நிபந்தனைகளை ஒழுங்காகப் பின்பற்றினால் நஷ்டம்தான் ஒழுங்காக வரும்.

13-வது நாள் என் அறை நண்பன் பேசினான். பேசியது என்ன தெரியுமா? "டேய், பத்து வரிக்குச் சராசரி எடுக்கறதுன்னா டயலாக் வரியையும் சேர்த்தா, சேர்க்காமலா?" பத்திரிகைப் போட்டி அறிவிப்பு ஒன்றை வெட்டி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தான். 'வந்து சேர வேண்டிய' என்பதன் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. சேர்த்துத்தான் எடுக்க வேண்டும், டயலாக் வரி சின்னதாக இருக்கும் என்றேன். தீப்பெட்டிக் கதை கவருக்குள் போய்விட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

நிற்க. அந்தப் பதினைந்தாவது கதை.

நிபந்தனைகளை எல்லாவற்றையும் விடப் பிரமாதமாகப் பின்பற்றியது அதுதான். ஒரு பக்கம் மட்டும் எழுதியிருக்கிறது. 1,140 சொல். நேரத்துக்கு வந்திருக்கிறது. எந்தப் பக்கத்திலும் பெயர் இல்லை. ஆனால் பெயர் எழுதி வைக்க வேண்டிய தனி உறையும் இல்லை! எழுதியவர் நம் கல்லூரி மாணவர்தானா என்று கூடத் தெரியாமல் நடுவரிடம் கொடுக்க முடியவில்லை. மூன்று வாரம் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட்டும் யாரும் வரவில்லை. பவர் கட் ஆன ராத்திரி ஒன்றில் சப்-ஸ்டேஷனில் தனியாக இருக்கும் லைன்மேன் பற்றிய கதை. நீல மை, சாய்ந்த கையெழுத்து, 'ழ'வுக்குக் கீழே நீளமாக வால். எழுதியவர் விடுதி சி பிளாக், 14-ம் அறைக்கு வரவும். மாலை 6 மணிக்கு மேல் இருப்பேன்.